செட் ஆயிட்டியா?

(பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். ஒன்றிரண்டு இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன ரெண்டு வாரமும் டேட்டாபேஸ், இண்டெக்ஸ்னு பேசி உங்களை ஒரு வழி பண்ணியாச்சு. இந்த வாரம் கோடிங் கிடையாது. ரொம்ப நாளா மெயில்லயும் மெசேஜ்லயும் வந்துட்டே இருக்கிற ஒரு விஷயத்தைப் பேசலாம்னு இருக்கேன். "ப்ரோ, ஜெர்மனியில ஆஃபர் வந்திருக்கு, போகலாமா?", "அண்ணா, அங்க லைஃப் எப்படி?" இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊருக்கு போன் பண்ணா சொந்தக்காரங்க மாத்தி மாத்திக் கேட்கிற ஒரே கேள்வி: "என்னப்பா, அங்க செட் ஆயிட்டியா?"

இந்த "செட் ஆகுறது"தான் இன்னைக்கு டாபிக். நான் பெர்லினுக்கு வந்து மூணரை வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் நாலு வருஷம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்குத் தெரிஞ்சது பெர்லின் மட்டும்தான். துபாய்ல இருக்கிறவங்க, டெக்சாஸ்ல இருக்கிறவங்க கதை வேற மாதிரி இருக்கும், அதை அவங்கதான் சொல்லணும்.

என் கணக்குல, செட் ஆகுறதுல பேப்பர்னு ஒரு பாதி, மனுஷங்கன்னு ஒரு பாதி. பேப்பர் பாதி நாக்குத் தள்ள வைக்கும், ஆனா எப்படியும் முடிஞ்சிடும். ஏன்னா முடிக்காம அரசாங்கம் உங்களை விடாது. மனுஷங்க பாதியை உங்ககிட்ட யாருமே கேட்க மாட்டாங்க. அதுக்கு கடைசித் தேதி கிடையாது, ரிமைண்டர் லெட்டர் வராது. அதனாலேயே பல பேருக்கு அது ஆரம்பிக்கிறதே இல்ல.

முதல்ல பேப்பரை முடிச்சிடறேன்.

ஜெர்மனியில ஒரு வீட்டுக்குக் குடி போனா ரெண்டு வாரத்துக்குள்ள அந்த முகவரியை அரசு அலுவலகத்துல பதிவு பண்ணணும். இதுக்கு அன்மெல்டுங்னு பேரு. பதிவு பண்ண வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் வேணும். ஓனர் கையெழுத்துப் போடணும்னா வீடு கிடைக்கணும். வீடு கிடைக்கணும்னா மூணு மாச சம்பள சீட்டும், ஷூஃபான்னு சொல்ற கடன் வரலாறு அறிக்கையும் கேட்பாங்க. நீங்க இறங்கியே ஒரு வாரம்தான் ஆகுது, உங்களுக்கு ஏது வரலாறு? இன்னொரு பக்கம், முகவரி பதிவு பண்ணாத்தான் வரி எண் தபால்ல வரும். வரி எண் இல்லாம முதல் சம்பளம் வந்தா, இருக்கிறதுலயே அதிகமா பிடிக்கிற ஆறாம் வரி வகுப்புல போட்டுப் பிடிக்க வாய்ப்பு இருக்கு. பின்னாடி திரும்பக் கிடைக்கும், ஆனா முதல் மாசம் வயித்தைக் கலக்கும். டெவலப்பர்களுக்குச் சொல்றேன், இது அப்படியே சர்க்குலர் டிபெண்டென்சி. உடைக்க ஒரே வழி, முதல் சில மாசத்துக்குக் காசு கூடப் போனாலும் பரவாயில்லைன்னு பர்னிச்சரோட இருக்கிற தற்காலிக வீடு எடுக்கிறதுதான். எடுக்கும்போதே கேட்டுடுங்க, "இந்த முகவரியில பதிவு பண்ண முடியுமா"ன்னு. முடியாதுன்னு சொன்னா அந்த வீடு எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் பதிவு ஆபீஸ் அப்பாயிண்ட்மெண்ட். பெர்லின்ல இது தத்கால் டிக்கெட் மாதிரி. யாராவது கேன்சல் பண்ணா ஒரு ஸ்லாட் தெரியும், கிளிக் பண்றதுக்குள்ள போயிடும். நான் நாலு நாள் காலையில எழுந்து பேஜை ரீஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தேன். கிடைச்ச ஸ்லாட் நகரத்தோட இன்னொரு மூலையில. பரவாயில்லை, பெர்லின்ல எந்தப் பகுதி அலுவலகத்துல வேணும்னாலும் பதிவு பண்ணலாம்.

இதுல ஒரு சின்ன விஷயம் சொல்லணும். இங்க பெரும்பாலான கட்டடங்கள்ல ஃப்ளாட் நம்பர் கிடையாது. தெருப் பேரு, கட்டட எண், அதுக்கு அப்புறம் உங்க பேருதான். லெட்டர் பாக்ஸ்லயும் காலிங் பெல்லுலயும் உங்க குடும்பப் பேரு ஒட்டியிருக்கணும். ஒட்டலேன்னா தபால் திரும்பிப் போயிடும். வரி எண், பேங்க் கார்டு, இன்சூரன்ஸ் கார்டுன்னு எல்லாமே தபால்ல வர்ற நாடு இது. சோ, லெட்டர் பாக்ஸ்ல பேரு இல்லேன்னா இந்த நாட்டுல நீங்க இல்ல.

இங்கதான் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு ட்விஸ்ட். நமக்கு ஏது குடும்பப் பேரு? இன்ஷியல்தானே. பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு கட்டத்துல அப்பா பேரு இருக்கு. அதனால இங்க டாக்டர் ஆபீஸ்ல, பேங்க்ல, போலீஸ் ஸ்டேஷன்ல கூட என்னை எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. முதல்ல திரும்பிப் பார்க்கவே தோணாது. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை கூப்பிட்டு, மூணாவது தடவைதான் "அட, நம்மளைத்தான்"னு எழுந்து போனேன். இதை அப்பாகிட்ட சொன்னேன். "அங்க பெல்லுல உங்க பேருதான் இருக்கு"ன்னு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த போட்டோ தெருவுல பாதிப் பேருக்குப் போயிருக்குன்னு அம்மா சொன்னாங்க.

சரி, ஆறு மாசத்துல பேப்பர் எல்லாம் முடிஞ்சுது. வேலையில ப்ரொபேஷன் காலமும் முடிஞ்சுது. வீடு, பேங்க், இன்சூரன்ஸ், மாசாந்திர ரயில் பாஸ் எல்லாம் ரெடி. யாராவது கேட்டா "செட் ஆயிட்டேன்"னுதான் சொல்லியிருப்பேன்.

அப்போ ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங்ல "குட் மார்னிங்"னு சொல்ல வாயைத் திறந்தா குரல் கரகரன்னு வருது. என்னடான்னு யோசிச்சுப் பார்த்தா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாகவுட் பண்ணதுல இருந்து நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட் போனேன், நானே ஸ்கேன் பண்ணி நானே காசு கட்டி வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடியிருக்கும், அது இங்க சட்டம். வீட்டுல இருந்தேன். ரெண்டரை நாள், வாயைத் திறக்கறதுக்கு ஒரு அவசியமும் வரல.

சென்னையில இதை நினைச்சுப் பாருங்க. தண்ணி கேன் அண்ணன் மாடியேறி வருவார். சிலிண்டர்காரர் வருவார். கரண்ட் போனா பக்கத்து வீட்டுல எட்டிப் பார்த்து "உங்களுக்கும் போயிடுச்சா?"ன்னு கேட்கணும். ஆட்டோவுல ஏறணும்னா பேரம் பேசணும். மெஸ்ல ரெண்டு நாள் போகலேன்னா மூணாவது நாள் "என்ன தம்பி, ஊருக்குப் போயிட்டீங்களா?"ன்னு கேட்பாங்க. அப்போ இது எல்லாம் எனக்கு எரிச்சலா இருக்கும். ஒரு கேஸ் சிலிண்டருக்கு மூணு தடவை போன் பண்ணணுமான்னு. ஆனா அந்த ஓட்டை உடைசல் வழியாத்தான் மனுஷங்க உள்ள வந்துட்டு இருந்தாங்க.

இங்க ஓட்டை இல்ல. ரயிலைத் தவிர எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. (ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும்னு நம்பிட்டு வர்றவங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.) தண்ணி குழாயில வரும், குடிக்கலாம். கரண்ட் போகாது. எந்தச் சேவைக்கும் நீங்க யாரையும் கெஞ்ச வேண்டாம், யாரும் உங்களைக் கெஞ்ச வேண்டாம். யாருடைய தயவும் இல்லாம வாழலாம். கேட்க சொர்க்கம் மாதிரி இருக்குல்ல? அதுலதான் ஆபத்தே இருக்கு. ஜெர்மன்காரங்க நல்லவங்க இல்ல, உம்முன்னு இருப்பாங்கன்னு சொல்றவங்க கூட நான் ஒத்துப் போக மாட்டேன். அவங்களுக்கு உங்களை நம்பி ஒரு வேலையும் ஆக வேண்டியது இல்ல, உங்களுக்கும் அவங்களை நம்பி இல்ல. அப்புறம் பேச்சு எங்க இருந்து ஆரம்பிக்கும்?

இதுக்கு மேல குளிர்காலம் வேற. டிசம்பர்ல பெர்லின்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும். காலையில எட்டு மணிக்கு மேலதான் வரும், அதுவும் மேகம் இல்லாம இருந்தா. குளிரை ஜாக்கெட் வச்சு சமாளிச்சிடலாம், இருட்டைத்தான் சமாளிக்க முடியாது. இன்னொரு பிரச்சினை யாரும் சொல்ல மாட்டாங்க. கோடையில இந்தியாவுக்கும் இங்கயும் மூணரை மணி நேரம் வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைப்பாங்க, அன்னைல இருந்து நாலரை மணி நேரம். நான் ஆறு மணிக்கு வேலை முடிச்சு போனை எடுத்தா ஊர்ல பத்தரை, அப்பா தூங்கியிருப்பார். "ஒரு மணி நேரத்தை எதுக்குடா மாத்துறாங்க?"ன்னு அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்பாங்க. எனக்கும் இன்னும் ஒரு நல்ல பதில் தெரியல. அதனால குளிர்காலம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவேன். நான் தயிர் சாதம் சாப்பிடுவேன், அவங்க அஞ்சு மணி காபி குடிப்பாங்க. காலண்டர்ல அந்த அரை மணி நேரத்தை பிளாக் பண்ணி வச்சிருக்கேன், எந்த மீட்டிங்கும் போட முடியாது. எங்க மேனேஜருக்கே அது தெரியும்.

சரி, மனுஷங்க எப்படி வந்தாங்க? எனக்கு வந்தது பார்சல் வழியா. நிஜமாத்தான்.

இங்க பார்சல் வரும்போது நீங்க வீட்டுல இல்லேன்னா, கொண்டு வர்றவர் அதே கட்டடத்துல யார் கதவைத் திறக்கறாங்களோ அவங்ககிட்ட குடுத்துட்டு, உங்க லெட்டர் பாக்ஸ்ல ஒரு சீட்டுப் போட்டுட்டுப் போயிடுவார். "உங்க பார்சல் இன்னார் வீட்டுல இருக்கு"ன்னு. நான் பாதி நாள் வீட்டுல இருந்து வேலை செய்றவன். சோ கட்டடம் முழுக்க வர்ற பார்சல் என் வீட்டுலதான். ஷூ, நாய் சாப்பாடு, ஒரு தடவை சைக்கிள் சக்கரம். சாயங்காலம் ஒவ்வொருத்தரா பெல் அடிப்பாங்க. வகுப்புக்கு வெளியில நான் முதல் முதலா பேசின ஜெர்மன் வாக்கியம், "உங்க பார்சல் என்கிட்டதான் இருக்கு"ங்கிறதுதான்.

அப்படி அறிமுகம் ஆனவங்கதான் கீழ் வீட்டு அம்மா. எழுபத்து நாலு வயசு, தனியா இருக்காங்க. பாட்டின்னு சொல்லலாம், ஆனா அவங்க சைக்கிள் ஓட்டுற வேகத்தைப் பார்த்தா சொல்ல மனசு வராது. நான் இருக்கிற லிஷ்டன்பெர்க், முன்னாடி கிழக்கு பெர்லினா இருந்த பகுதி. சுவர் விழுறதுக்கு முன்னாடி இருந்தே அவங்க இதே கட்டடத்துலதான் இருக்காங்க. முதல் பாடம் அவங்க சொன்னது: மாடிப்படியில யாரைப் பார்த்தாலும் ஹலோ சொல்லணும், சொல்லாம போனாத்தான் தப்பா நினைப்பாங்க. ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை சுவத்துல ட்ரில் போடக் கூடாது. நான் பயந்துட்டே மிக்ஸி கேட்டேன். சட்னி அரைக்கணுமே. "அது என்ன சத்தம்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன்"னாங்க. மிக்ஸிக்கு அனுமதி கிடைச்சிடுச்சு.

ஜெர்மன்ல "து", "ஸீ"ன்னு ரெண்டு இருக்கு. நம்ம நீ, நீங்க மாதிரியே. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க இதுல திணறுவாங்க, நமக்கு ரத்தத்துலயே இருக்கு. ஆனா ஒரு வித்தியாசம். இங்க பழகினதுக்கு அப்புறம் வயசுல பெரியவங்க நம்மகிட்ட வந்து, "இனிமே நாம து சொல்லிக்கலாம்"னு முறைப்படி சொல்வாங்க. எட்டு மாசம் கழிச்சு அவங்க எனக்கு அதைச் சொன்னாங்க. மரியாதையான விஷயம், சந்தோஷப்படணும். ஆனா எழுபத்து நாலு வயசுக்காரங்களை நீன்னு கூப்பிட எனக்கு நாக்கே திரும்பல. "எங்க ஊர்ல அம்மாவை நீன்னு சொல்வோம், அப்பாவை நீங்கன்னு சொல்வோம்"னு விளக்கப் போய், அது ஏன்னு அவங்க கேட்க, அரை மணி நேரம் போயிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் அவங்க எனக்கு து, நான் அவங்களுக்கு ஸீ.

மொழியைப் பத்தி ரெண்டு நிமிஷம். பெர்லின் ஐ.டி. வேலைக்கு இங்கிலீஷ் போதும். அதனால அஞ்சு வருஷம் ஆகியும் ஜெர்மன் தெரியாதவங்களை எனக்குத் தெரியும். ப்ளூ கார்டுல வர்றவங்களுக்கு நிரந்தர அனுமதி ஏ1 அளவு ஜெர்மன் இருந்தா 27 மாசத்துல, பி1 இருந்தா 21 மாசத்துல வாங்கலாம். நிறைய பேர் அந்த ஆறு மாசத்தை மிச்சம் பண்ணப் படிப்பாங்க, தேர்வு முடிஞ்சதும் மறந்துடுவாங்க. நான் சொல்றது, பி1 வரைக்கும் எப்படியாவது போயிடுங்க, அதுவும் முதல் ரெண்டு வருஷத்துலயே. ஒவ்வொரு ஊர்லயும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேன்னு நகராட்சி நடத்துற பள்ளி இருக்கு, தனியார் வகுப்பை விடக் கட்டணம் ரொம்பக் கம்மி. அங்க உங்க பக்கத்துல சிரியாவுல இருந்து வந்த பேக்கரிக்காரர் உட்கார்ந்திருப்பார், வியட்நாம்ல இருந்து வந்த நர்ஸ் உட்கார்ந்திருப்பாங்க. அந்த வகுப்புக்கே தனியா ஒரு எபிசோட் போடலாம்.

நமக்கு ஒரு அட்வாண்டேஜ் கூட இருக்கு. ஜெர்மன்ல "வைல்", அதாவது "ஏன்னா"ன்னு ஆரம்பிச்சா வினைச்சொல் கடைசிக்குப் போயிடும். "ஏன்னா நான் இன்னைக்கு வீட்டுல வேலை பார்க்கிறேன்", இதே வரிசைதான். வகுப்புல அமெரிக்காக்காரர் தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிட்டு அப்படியே மாத்திப் போட்டேன், டீச்சர் அசந்துட்டாங்க. அந்தப் பெருமை டெர், டீ, தாஸ் பாடம் வரைக்கும்தான் இருந்துச்சு. மேஜை ஆணாம், விளக்குப் பெண்ணாம். அதை மனப்பாடம்தான் பண்ணணும்.

இப்ப கொஞ்சம் வேற இடத்துக்குப் போறேன். கறிவேப்பிலை வாங்க நான் போற ஒரு ஈழத்தமிழர் கடை இருக்கு. கடைக்கார அண்ணாவுக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும். 80கள்ல வந்தவர். 1983 கலவரத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து நிறைய தமிழர்கள் அன்னைக்கு ரெண்டா இருந்த பெர்லினுக்கு வந்தாங்க. கிழக்கு பக்கம் இருந்த ஷோனஃபெல்ட் விமான நிலையத்துல இறங்கி, அங்க இருந்து மேற்கு பெர்லினுக்குள்ள வந்து தஞ்சம் கேட்கிறது அன்னைக்கு இருந்த ஒரு வழி. நாம இன்னைக்கு ட்ராலி தள்ளிட்டு வெளிய வர்ற பெர்லின் ஏர்போர்ட் இருக்கே, 2020ல திறந்தது, அதுவும் அதே ஷோனஃபெல்ட்லதான்.

முதல் தடவை போனப்போ அவர் கேட்டார், "எப்ப வந்தனீங்கள் தம்பி?" சொன்னேன். "எத்தினை வருசம் நிக்கிற பிளான்?"

"ரெண்டு வருஷம் அண்ணா. அப்புறம் பார்க்கணும்."

அவர் பில் போட்டுட்டே சிரிச்சார். "நாங்களும் அப்பிடித்தான். பிரச்சினை முடிஞ்சோடனை போயிடலாம் எண்டுதான் நினைச்சனாங்கள்."

அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரே தட்டுல வைக்க எனக்கு உரிமை இல்ல. அவங்களுக்குத் திரும்பிப் போக வழி இல்லாம இருந்துச்சு. நான் கையில ரிட்டர்ன் டிக்கெட்டோட வந்தவன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். போக முடியாதுன்னு தெரிஞ்சதும் அவங்க கட்ட ஆரம்பிச்சாங்க. வார இறுதியில பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வச்சாங்க. ஹாம் நகரத்துல 2002ல கோபுரத்தோட காமாட்சி அம்பாள் கோயில் கட்டி முடிச்சாங்க. வருஷா வருஷம் அங்க தேர் இழுக்கிறாங்க, ஐரோப்பா முழுக்க இருந்து ஜனம் வருது. பெர்லின்ல பிரிட்ஸ் பகுதியில முருகன் கோயில் இருக்கு. இன்னைக்கு நான் தைப்பூசத்துக்குப் போய் நிக்கிற கோயில், ஊருக்குப் போக முடியாதவங்க கட்டினது. எப்ப வேணும்னாலும் போகலாம்ங்கிற வசதியோட வந்த நாங்க ஒரு வாட்ஸ்அப் குரூப்தான் கட்டியிருக்கோம், அதுலயும் பாதி மெசேஜ் "யாராவது சென்னையில இருந்து வர்றீங்களா, ரெண்டு கிலோ இடம் இருக்கா?"

"ரெண்டு வருஷம்"ங்கிற அந்த வார்த்தை சாதாரண வார்த்தை இல்ல மக்களே. அது உங்க வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும். ரெண்டு வருஷம்தானே, மெத்தையைத் தரையிலயே போட்டுக்கலாம். ரெண்டு வருஷம்தானே, எதுக்கு ஜெர்மன். ரெண்டு வருஷம்தானே, பக்கத்து வீட்டுக்காரர் பேரு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது. என் நண்பன் ஒருத்தன் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் சூட்கேஸை அலமாரியா யூஸ் பண்றான். அவன் ரெண்டு வருஷக் கணக்கை ஒவ்வொரு ஜனவரியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பான்.

இந்த நாட்டுல அதுக்கு ஒரு டெஸ்ட் வச்சிருக்காங்க. சாதாரணமா வாடகைக்கு எடுக்கிற வீட்டுல பல சமயம் கிச்சனே இருக்காது. நிஜமாவே இருக்காது. அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இல்ல, சுவத்துல தண்ணிக் குழாய் இணைப்பு மட்டும் இருக்கும். சீலிங்ல லைட்டுக்கு ஒயர் தொங்கும். முன்னாடி இருந்தவங்க அவங்க கிச்சனைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பாங்க. நீங்க உங்களுடையதை வாங்கணும். சம்பளத்துல ஒரு மாசப் பங்கு அதுக்கே போகும். ரெண்டு வருஷம்னு நினைக்கிறவன் வாங்க மாட்டான். நான் ஒன்றரை வருஷம் கழிச்சு அப்படி ஒரு வீட்டுக்கு கையெழுத்துப் போட்டேன், கிச்சன் வாங்கினேன். வாங்கின அன்னைக்கு ஊர்ல சொன்னப்போ அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்ப வர மாட்டியா?"ன்னு கேட்டாங்க. ஒரு அடுப்பு வாங்கினதுல இருந்து அவங்க நேரா அங்க போய் நின்னாங்க. "வருவேன்மா, கிச்சனைக் கழட்டி வித்துட்டு வரலாம்"னு சொன்னேன். அது உண்மைதான், இங்க கிச்சனை அடுத்து வர்றவங்களுக்கு விக்கலாம். ஆனா அவங்க கேட்டதுக்கு அது பதில் இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

இப்ப, இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, போன வருஷம் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்துச்சு. ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப நல்லா இருக்காங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். எனக்கு எப்ப தெரிஞ்சுதுன்னா, ரெண்டு நாள் கழிச்சு. அந்த ரெண்டு நாளும் மதியம் போன்ல அம்மா "அப்பா வெளிய போயிருக்காங்க"ன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுட்டுச் சொல்லியிருக்காங்க. "அவ்வளவு தூரத்துல இருக்க, டென்ஷன் ஆவேன்னுதான் சொல்லல." வெளிநாட்டுல இருக்கிற எல்லாருக்கும் இந்த வசனம் ஒரு நாள் வரும். அவங்க மேல கோபப்படவும் முடியாது, படாம இருக்கவும் முடியாது.

பெர்லின்ல இருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கயாவது மாறித்தான் போகணும், அங்க இருந்து மறுபடி திருநெல்வேலிக்கு. கதவுக்குக் கதவு ஒரு நாள் ஆயிடும். அன்னைக்கு ராத்திரி டிக்கெட் போட்டுட்டு, விடியற வரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுட்டு இருந்தேன். பெர்மிட் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, பேங்க்ல காசு இருக்கு. எல்லாப் பேப்பரும் ஃபைல்ல தேதி வாரியா அடுக்கி இருக்கு. நான் கீழ இறங்கிப் போய் அந்த அம்மா வீட்டு பெல்லை அடிச்சேன். ராத்திரி பத்து மணிக்கு மேல இங்க யாரும் யார் வீட்டு பெல்லையும் அடிக்க மாட்டாங்க. அவங்க கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துட்டு ஒண்ணுமே கேட்கல, உள்ள வரச் சொன்னாங்க. டீ போட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி வந்துச்சாம், அவர் பிழைக்கலையாம். அதை அவங்க அன்னைக்குச் சொல்லல, நான் திரும்பி வந்ததுக்கு அப்புறம்தான் சொன்னாங்க.

நான் ஊர்ல அஞ்சு வாரம் இருந்தேன். பாதி லீவு, பாதி அங்க இருந்தே வேலை. அதுக்கு கம்பெனியில எழுத்துல அனுமதி வாங்கணும், வாங்கினேன். அந்த அஞ்சு வாரமும் என் லெட்டர் பாக்ஸைத் திறந்து பார்த்தது அவங்கதான். இங்க மஞ்சள் கவர்னு ஒண்ணு இருக்கு. கோர்ட், அரசு அலுவலகம் இவங்க அனுப்புற முக்கியமான லெட்டர். பாக்ஸ்ல போட்ட தேதியை கவர் மேலயே எழுதிட்டுப் போவாங்க, அன்னைல இருந்து கெடு ஓட ஆரம்பிக்கும், நீங்க ஊர்ல இல்லேன்னா கூட. அப்படி ஒண்ணு வந்துச்சு. போட்டோ எடுத்து அனுப்பினாங்க, நான் அங்க இருந்தே பதில் அனுப்பினேன். பேப்பர் பாதியைக் கூடக் கடைசியில மனுஷங்கதான் பார்த்துக்கிட்டாங்க.

திரும்பி வர்றதுக்கு முன்னாடி நானும் அக்காவும் அம்மாவும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டோம். எதுவா இருந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துல எனக்குச் சொல்லணும். நான் பதறினா பதறிட்டுப் போறேன். ஆஸ்பத்திரி பேரு, டாக்டர் நம்பர், இன்சூரன்ஸ் அட்டை, பக்கத்து வீட்டு ரெண்டு பேர் நம்பர் எல்லாம் ஒரே இடத்துல எழுதி மூணு பேர் போன்லயும் இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிடுங்க. கோட் வாங்குறதை விட இது முக்கியம். கோட் இங்க வந்து வாங்கிக்கலாம், இங்கதான் நல்லதும் கிடைக்கும்.

இப்ப நிறைய பேர் கேட்கிற ஒரு கேள்வியோட முடிச்சுக்கறேன். "அப்பா அம்மாவை அங்க கூட்டிட்டு வந்துட முடியுமா?"

சுற்றுலா விசாவுல வந்தா 180 நாள்ல 90 நாள் வரைக்கும் இருக்கலாம். நிரந்தரமான்னு கேட்டா, 2024 மார்ச் 1க்கு அப்புறம் முதல் தடவையா வேலை அனுமதி வாங்கின திறன் பணியாளர்கள் பெற்றோரைக் கூட்டிட்டு வர சட்டத்துல இடம் இருக்கு. அவங்க செலவை நீங்க ஏத்துக்கணும், மருத்துவக் காப்பீடு காட்டணும். அந்தக் காப்பீடுதான் மலை. வயசான, ஏற்கனவே வியாதி இருக்கிறவங்களுக்கு அது கிடைக்கிறதும் கஷ்டம், கிடைச்சா விலையும் கஷ்டம். நான் அந்தத் தேதிக்கு முன்னாடி வந்தவன், எனக்கு அந்தக் கதவே இல்ல. ஆனா இருந்தா வருவாங்களான்னு தெரிஞ்சுக்க ஒரு நாள் அப்பாகிட்ட கேட்டேன். நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க, தெருவுல போறவங்க ஒவ்வொருத்தரா "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு நின்னு கேட்டுட்டுப் போயிட்டு இருந்தாங்க.

"அங்க வந்து நான் யார்கூடப் பேசுறது?"ன்னு கேட்டாங்க.

கீழ் வீட்டு அம்மாவைப் பத்திச் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அவங்களை ஒரு தடவை இங்க வரச் சொல்லு"ன்னாங்க. இந்த பிப்ரவரி அவங்க வர்றாங்க. ரெண்டு வாரம். விசா படிவத்தை நான்தான் நிரப்பிட்டு இருக்கேன். அதுல அப்பா பேரு கேட்டிருந்துச்சு, அவங்க அப்பா பேரைச் சொன்னாங்க, அப்புறம் "உங்க நாட்டுக்கு எதுக்கு எங்க அப்பா?"ன்னு கேட்டாங்க.

அடுத்த வாரம் மறுபடி டேட்டாபேஸ். தப்பிக்க முடியாது. பார்க்கலாம் மக்களே.